விட்டுப்போன மூன்றாம் பக்கம்

அத்தியாயம் பதினொன்று

மயக்க மருந்து டாக்டர் மேஜைமேல் இரண்டு தாள்களை அருகருகே வைத்தார். இரண்டும் ஒரே அச்சு. ஒன்றில் மேல் கட்டத்தில் டிக். இன்னொன்றில் கீழ்க் கட்டத்தில் டிக்.

லிஃப்ட் மெக்கானிக் தன் தாளை உடனே அடையாளம் கண்டுகொண்டான். அவன் போட்ட டிக் எப்போதும் கொஞ்சம் பெரிதாகவே விழும். இன்னொன்று யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. மனைவி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவள் தாளையே பார்க்கவில்லை. டாக்டருக்குப் பின்னால் இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகளை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப் போயிருந்த நேரம் அது. காலை ஒன்பதேகால். ஆபரேஷனுக்கு முழுதாக ஒரு நாள்கூட இல்லை.

மகளுக்குப் பதின்மூன்று வயது. பிறவியிலேயே தசைகளில் பலம் குறைவு. எட்டு வயது வரை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒன்பதில் சக்கர நாற்காலி வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே முதுகெலும்பு வளைய ஆரம்பித்தது. வளைந்த எலும்பு இப்போது நுரையீரலை நெருக்குகிறது. இரண்டு கம்பியும் இருபது சொச்சம் திருகும் வைத்து நிமிர்த்தலாம், இன்னும் ஒரு வருஷம் விட்டால் அதுவும் முடியாது என்றார் முதுகெலும்பு டாக்டர். மூன்று மாதம் யோசித்து, வேறொரு டாக்டரிடமும் காட்டி, வீட்டுக்குள் சண்டை போட்டு, பேசாமல் இருந்து, பிறகு பேசி, போன வாரம்தான் மூன்று பேரும் சரி என்றார்கள்.

மூன்று பேர் என்பதைச் சும்மா சொல்லவில்லை. வீட்டில் அவளுக்கு வக்கீல் என்றுதான் பெயர். காரணம் கேட்காமல் அவள் ஒரு மாத்திரையைக்கூட வாயில் போட்டதில்லை.

"உங்க ரெண்டு பேரையும் தனித்தனியா எழுதச் சொன்னதுக்கு இதுதான் காரணம்," என்றார் மயக்க மருந்து டாக்டர். "சேர்ந்து எழுதினா ஒருத்தர் எழுதுவாங்க, இன்னொருத்தர் தலையாட்டுவாங்க."

"மறுபடி ஒரு தடவ சொல்லுங்க சார்," என்றான் மெக்கானிக். "நேத்து நீங்க சொன்னப்ப எனக்குப் பாதிதான் ஏறுச்சு."

டாக்டர் சலித்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் வாய் வழியா ஒரு குழாய் போட்டு, மெஷின்தான் அவளுக்கு மூச்சு குடுக்கும். முடிஞ்சதும் குழாயை எடுப்போம். நல்ல நெஞ்சு இருக்கிற பிள்ளைன்னா அன்னிக்கே எடுத்துடலாம். இவளுக்கு இருக்க வேண்டிய மூச்சுல மூணுல ஒரு பங்குதான் இருக்கு. இவள மாதிரி அறுபத்தெட்டு பிள்ளைங்களுக்கு இங்க பண்ணியிருக்கோம். அம்பத்தேழு பேருக்கு மூணு நாளைக்குள்ள குழாயை எடுத்தாச்சு. ஒன்பது பேருக்கு ரெண்டு வாரம் வரைக்கும் இழுத்துச்சு. ரெண்டு பேருக்கு எடுக்கவே முடியல."

"அந்த ரெண்டு பேர்?"

"ஒரு பையன். தொண்டையில துளை போட்டு, மெஷினோடயே வீட்டுக்குப் போனான். ஸ்கூலுக்குப் போறான். இன்னொன்னு பொண்ணு." டாக்டர் ஒரு கணம் நிறுத்தினார். "அந்தப் பொண்ணோட அப்பாவும் அம்மாவும் ஒத்துப்போகல. ஒருத்தர் துளை போடுங்கன்னாங்க, இன்னொருத்தர் போதும் விட்டுடுங்கன்னாங்க. கேஸு, கோர்ட்டுன்னு போச்சு. ஏழு வாரம் அந்தக் குழந்தை ரெண்டுக்கும் நடுவுல கிடந்துச்சு. கடைசியில யாரும் முடிவெடுக்கல. நுரையீரல்ல கிருமி வந்து அதுவே எடுத்துடுச்சு. அதுக்கப்புறம்தான் இந்த மூணாம் பக்கத்தை நாங்க சேர்த்தோம்."

டாக்டர் இரண்டு தாளையும் அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

மேல் கட்டத்தில் இருந்த வாசகம் இது: குழாயை எடுக்க இயலாத நிலை ஏற்பட்டால், தொண்டையில் துளையிட்டு இயந்திர சுவாசத்தைத் தொடர சம்மதிக்கிறேன். கீழ்க் கட்டத்தில் இருந்தது: பதினான்கு நாட்களுக்கு மேல் இயந்திர சுவாசத்தைத் தொடர வேண்டாம், துன்பமில்லாமல் வைத்திருக்கும் சிகிச்சை மட்டும் போதும்.

"ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வரலைன்னா?" மனைவி முதல் முறையாக வாயைத் திறந்தாள்.

"நாளைக்குக் காலையில நான் ஆரம்பிக்க மாட்டேன்மா. நாலு மணிக்கு மறுபடி பாப்போம். அவளையும் கூட்டிட்டு வாங்க. அவகிட்ட இன்னும் இந்தப் பக்கத்தைப் பத்தி நான் பேசல. உங்ககிட்டதான் மொதல்ல கேக்கணும்னு நெனச்சேன்."

வெளியே வந்ததும் மெக்கானிக் கதவு சாத்தும்வரைகூடப் பொறுக்கவில்லை.

"பதினாலு நாளா? எண்ணி வெச்சிட்டியா?"

"பதினாலுன்னு நான் எழுதல. அச்சடிச்சே இருந்துச்சு."

"அச்சடிச்சிருந்தா டிக் போட்டுடுவியா?"

"நீங்க போட்டதுல நாளே இல்லீங்க," என்றாள். "அதக் கவனிச்சீங்களா? ஒரு மாசமா, ஒரு வருஷமா, எதுவரைக்கும்னு ஒரு சொல்லும் இல்ல. அதுல டிக் போடுறப்ப உங்களுக்குக் கை நடுங்கலையா?"

நடுங்கவில்லை என்பதுதான் உண்மை. அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் வேறு எதையும் அவன் படிக்கவேயில்லை.

மனைவி நீச்சல் குளத்தில் சிறு பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவள். தண்ணீருக்குள் மூச்சை எப்படி விடுவது என்பதுதான் முதல் பாடம். பதினைந்து வருஷத்தில் ஆயிரம் பிள்ளைகளின் முகத்தை ஒரு அடி தூரத்தில் பார்த்திருக்கிறாள்.

"போன வருஷம் அவளுக்குச் சளி கட்டுனப்ப நீங்க வேலைன்னு வெளியூர்ல இருந்தீங்க," என்றாள். குரல் உயரவில்லை. "மூச்சு முட்டி நான் பாத்திருக்கேன். குளத்துல ஒரு பிள்ள திணறினா நான் தூக்கிடுவேன். அஞ்சு செகண்டு வேலை. அன்னிக்கு என்னால தூக்க முடியல. அவ கண்ணு என்னையே பாத்துச்சு. அத மாசக்கணக்கா பாக்குற தைரியம் எனக்கு இல்ல. அவ்வளவுதான். நீங்க என்ன வேணா சொல்லிக்குங்க."

அவனிடம் சொல்ல நிறைய இருந்தது. எதைச் சொன்னாலும் ஏதாவது ஒன்று உடையும் போலிருந்தது. "நான் கீழ போய்ட்டு வரேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான்.

*

கீழே என்றால் எங்கே என்று அவனுக்கே தெரியாது. சரக்கு லிஃப்ட் திறந்திருந்தது, ஏறிக்கொண்டான். அடித்தளத்தில் நின்றபோது லிஃப்டின் தரை அரை அங்குலம் இறங்கி நின்றது. வழக்கமாக இருந்தால் குனிந்து பார்த்திருப்பான். இன்றைக்கு அதைத் தாண்டி வந்தான்.

நீளமான நடை. சலவைத் துணி மூட்டைகள், காலி ஆக்சிஜன் உருளைகள், கால் உடைந்த கட்டில்கள். கடைசிக் கதவில் "கருவிகள் பழுது" என்று எழுதியிருந்தது. கதவு திறந்தே இருந்தது. உள்ளே நீல மேலங்கி போட்ட ஒரு பெண், காதில் சின்ன ஸ்க்ரூ டிரைவரைச் செருகிக்கொண்டு, மேஜைமேல் ஒரு பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியின் முகப்பில் திரை, பக்கத்தில் நெளிநெளியாக இரண்டு குழாய்.

அது என்னவென்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நேற்று தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடி வழியாகப் பார்த்த அதே முகப்பு.

"யாரு வேணும் சார்?"

"யாரும் வேண்டாங்க. நான் லிஃப்ட் மெக்கானிக்."

"மூணாம் நம்பர் லிஃப்ட்டுக்கா? ரெண்டு வாரமா ஃபோன் பண்றோம்."

"இல்லீங்க. வேற கம்பெனி. என் பொண்ணு மேல வார்டுல இருக்கா. நாளைக்கு ஆபரேஷன்." அவன் பெட்டியைக் காட்டினான். "இதத்தான் அவளுக்கு மாட்டப் போறாங்க."

அந்தப் பெண் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு இன்னொரு ஸ்டூலைக் காலால் இழுத்துப் போட்டாள்.

வேலை தெரிந்த இரண்டு பேர் ஒரு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தால் அறிமுகம் சீக்கிரம் முடிந்துவிடும். காற்று எங்கே நுழைகிறது, எங்கே அளக்கிறார்கள், எந்த வால்வு திறந்து எந்த வால்வு மூடுகிறது என்று அவள் காட்டினாள். அவன் நடுநடுவே கேட்டான்.

"கரண்ட் போனா?"

"பேட்டரி. நாலு மணி நேரம் தாங்கும்."

"பேட்டரியும் போனா?"

"ஊரே எழுந்திரிக்கிற மாதிரி கத்தும்."

"கத்தியும் யாரும் வரலைன்னா?"

அவள் அலமாரியிலிருந்து ஒரு ரப்பர் பையை எடுத்து அவன் கையில் வைத்தாள். "இத அமுக்கணும். கையால. ஒவ்வொரு கட்டில் பக்கத்துலயும் ஒண்ணு தொங்கும். உங்க லிஃப்ட்லயும் கையால சுத்துற சக்கரம் ஒண்ணு இருக்குமே."

"இருக்கு," என்றான். அந்தப் பையை அமுக்கிப் பார்த்தான். காற்று அவன் முழங்கையில் வந்து பட்டது.

"இது சும்மா தள்ளிக்கிட்டே இருக்குமா?"

"அங்கதான் எல்லாரும் தப்பா நெனக்கிறாங்க. இது மொதல்ல காத்திருக்கும். அந்தப் பிள்ள துளியூண்டு இழுத்தாப் போதும், புரிஞ்சுக்கிட்டு மிச்சத்த இது குடுக்கும். இழுக்கவே இல்லைன்னா கொஞ்சம் பாத்துட்டு அதுவாத் தள்ளும்."

"எவ்வளவு துளி?"

அவள் யோசித்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஓரத்தில் நின்ற இன்னொரு மெஷினின் பொத்தானை அழுத்தினாள். உறை பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் வாய்க்கவ்வியை எடுத்துக் குழாயில் பொருத்தினாள். "இது பயிற்சிக்குன்னே வெச்சிருக்கிறது. புது நர்ஸ் யாரு வந்தாலும் நான் மொதல்ல இதத்தான் குடுப்பேன். வெளிய இருக்கிறவங்களுக்குக் குடுக்கக் கூடாது. நீங்க வெளிய இருக்கிறவரான்னு எனக்குத் தெரியல. பல்லால கடிச்சுக்குங்க. மூக்க நான் கிளிப் போட்டுடுறேன். வேண்டாம்னா கையத் தூக்குங்க."

முதல் மூச்சை அவன் தயாராகும் முன்பே மெஷின் கொடுத்துவிட்டது. கன்னம் இரண்டும் உப்பின. நெஞ்சு தன்னால் உயர்ந்தது. பாதியில் நிறுத்தப் பார்த்தான், நிற்கவில்லை. வெளியே விட நினைத்தபோது உள்ளே வந்தது. உள்ளே இழுக்க நினைத்தபோது நின்றது. மெஷின் கத்த ஆரம்பித்தது. நாலாவது மூச்சில் கையைத் தூக்கிவிட்டான்.

"சண்டை போட்டீங்க," என்றாள் அவள். "எல்லாரும் மொதல்ல போடுவாங்க. மறுபடி பண்றீங்களா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கடித்தான்.

இந்த முறை சும்மா இருந்தான். துளி இழுத்தான். மிச்சம் வந்தது. விட்டான். போனது. பத்துப் பன்னிரண்டு மூச்சுக்குப் பிறகு தோள் தளர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டான். யாரோ பின்னாலிருந்து பாரத்தை வாங்கிக்கொண்டது போலிருந்தது. இப்படியே இருந்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்ததும் அவனுக்குத் திக்கென்றது. சண்டை போட்டபோது வராத பயம் அது.

கவ்வியை எடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் தன் மூச்சைத் தானே விட்டுப் பார்த்தான்.

"இதோட பேச முடியுமா?"

"வாய் வழியா குழாய் இருக்கிற வரைக்கும் முடியாது. தொண்டையில போட்டா, சில பேருக்கு ஒரு வால்வு மாட்டிப் பேச வைப்பாங்க. எல்லாருக்கும் சரிப்படாது. டாக்டரக் கேளுங்க."

"எதுவரைக்கும் வெச்சிருக்கணும்னு எப்படித் தெரியும்?"

அவள் காதிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேஜையில் வைத்தாள். "முந்நூத்துப் பன்னெண்டு பக்கம் மேனுவல் சார். வரி வரியாப் படிச்சிருக்கேன். அதுல அது இல்ல."

*

மேலே வந்தபோது மனைவியும் மகளும் வார்டு ஜன்னலோரம் இருந்தார்கள். வக்கீலின் மடியில் ஆபரேஷன் சம்மதப் படிவம் விரிந்து கிடந்தது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து உட்கார்வதுதான் அவள் வழக்கம். அந்தச் சாய்வில் எதிரில் இருப்பவர்களைக் குறுக்கு விசாரணை செய்வது போலிருக்கும்.

"அப்பா, எனக்குக் குடுத்த செட்ல ரெண்டாம் பக்கத்துக்கு அப்புறம் நாலாம் பக்கம் வந்துச்சு. அச்சுப்பிழைன்னு நெனச்சேன். அம்மா பையில இருந்துச்சு, டிக் போடாத மூணாம் பக்கம்."

அவன் மனைவியைப் பார்த்தான்.

"கேட்டா. குடுத்துட்டேன்," என்றாள் மனைவி. "பொய் சொல்ல வரல."

"ரெண்டு பேரும் எதுல டிக் போட்டீங்க?" என்றாள் வக்கீல்.

அவள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி, வேண்டாம். தெரிஞ்சுபோச்சு."

*

நான்கு மணிக்கு டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரவில்லை. நாற்காலியை எடுத்து வந்து வக்கீலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"மூணாம் பக்கத்தைப் படிச்சிட்டியாமே."

"படிச்சேன். ரெண்டு கட்டம்தான் இருக்கு. ரெண்டும் பெத்தவங்களுக்கு. எனக்குக் கட்டம் இல்ல."

"இல்ல. சட்டப்படி உனக்கு இன்னும் வயசு வரல."

"குழாய் மட்டும் எனக்கா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "நியாயமான கேள்வி. உனக்கு என்ன தெரியணும், கேளு."

"உங்ககிட்ட தனியா பேசணும். பத்து நிமிஷம். அப்பா அம்மா வெளிய இருக்கட்டும்."

மெக்கானிக் எழுந்திருக்கவில்லை. "எங்களுக்குத் தெரியாம என்னடா கண்ணு?"

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு இல்லப்பா. நீங்க பக்கத்துல இருந்தா உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேசுவேன். அம்மா அழுதா ஒரு மாதிரி சொல்லுவேன். நீங்க அழுதா வேற மாதிரி சொல்லுவேன்."

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விட்டிருந்தது. மனைவி உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். குளத்தில் பிள்ளைகள் தண்ணீருக்குள் போனதும் எண்ணுவாள்; அந்தப் பழக்கம். அறுநூறைத் தாண்டி, எழுநூற்று நாற்பது வரை வந்தபோது கதவு திறந்தது.

மேஜைமேல் ஒரு வெள்ளை உறை இருந்தது, ஒட்டாமல்.

"என்ன கேட்டேனோ, என்ன சொன்னாளோ, அத இங்க விரிவா சொல்லப் போறதில்ல," என்றார் டாக்டர். "ரெண்டு கட்டத்தையும் நான் விளக்கினேன். அறுபத்தெட்டுல ரெண்டுங்கிறதையும் சொன்னேன். அந்தப் பொண்ணப் பத்தியும் கேட்டா, சொன்னேன். அவ விருப்பத்த அவ கையாலயே எழுதியிருக்கா. ஏன்னும் எழுதியிருக்கா. உங்க ரெண்டு டிக்கையும் அடிச்சிட்டு, கீழ ஒரு வரி கையால எழுதலாம்னு எனக்குத் தோணுது. குழாயை எடுக்க முடியாத நிலைமை வந்தா, இந்த உறையப் பிரிச்சுப் படிச்சதுக்கு அப்புறம்தான் நீங்களும் நாங்களும் உக்காந்து முடிவெடுப்போம்னு. இது கட்டளை இல்ல. முடிவு அப்பவும் உங்களோடதுதான். ஆனா அவ சொன்னதப் படிக்காம யாரும் முடிவெடுக்கக் கூடாது."

"தேவைப்படலைன்னா?" என்றாள் மனைவி.

"நானே கிழிச்சுடுவேன்," என்றாள் வக்கீல். "நீங்க யாரும் படிக்கக் கூடாது. அதுல உங்களப் பத்தியும் இருக்கு."

மெக்கானிக் அந்த உறையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தபால்பெட்டியில் போடுகிற உறையைவிடப் பெரிதில்லை. கையை நீட்டினால் எட்டும்.

"எங்கப்பா போயிருந்தீங்க காலையில?" வக்கீல் பேச்சை மாற்றுவது போலக் கேட்டாள். "சட்டையெல்லாம் ஆயில் வாசனை."

"அந்த மெஷினப் பாத்துட்டு வந்தேன். அடித்தளத்துல."

"பாத்தீங்களா, போட்டுப் பாத்தீங்களா?"

டாக்டர் புருவத்தை உயர்த்தினார். மெக்கானிக் அவர் பக்கம் திரும்பாமலே சொன்னான்: "போட்டுப் பாத்தேன்."

வக்கீலின் கண் அகன்றது. "எத்தனை நேரம்?"

"ரெண்டு தடவ. மொத்தமா அஞ்சு நிமிஷம் இருக்கும்."

"எப்படி இருந்துச்சு?"

இந்தக் கேள்விக்காகத்தான் காலையிலிருந்து காத்திருந்தோமோ என்று அவனுக்குத் தோன்றியது. சுலபமாக இருந்தது என்று ஒரு வார்த்தை போதும். அவள் நம்புவாள். மெஷின் விஷயத்தில் அப்பா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. உறைக்குள் என்ன இருந்தாலும், அந்த ஒரு வார்த்தை போய் அதைத் தன் பக்கம் அசைத்துவிடும். மனைவியும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது புரிந்திருந்தது.

"மொதல் தடவ பயங்கரமா இருந்துச்சு," என்றான். "மூச்சு என்னோடதா அதோடதான்னு தெரியல. நான் நிறுத்தணும்னு நெனச்சா அது குடுக்குது. தாக்குப்பிடிக்க முடியாம கையத் தூக்கிட்டேன்."

"ரெண்டாவது தடவ?"

"ரெண்டாவது தடவ சும்மா இருந்தேன். அது எனக்காகக் காத்திருந்துச்சு. துளி இழுத்தா மிச்சத்த அதுவே பாத்துக்குச்சு. ரொம்ப சொகமா இருந்துச்சுடா. அவ்வளவு சொகமா நான் மூச்சு விட்டதே இல்ல." ஆயில் பட்ட சட்டைக் கையை மடித்துவிட்டான். "அதான் எனக்கு ரொம்பப் பயமா இருந்துச்சு. எழுந்து வரணும்னே தோணல."

"பேச முடிஞ்சுதா?"

"முடியாது. வாய்ல குழாய் இருக்கிற வரைக்கும் பேச முடியாது. தொண்டையில போட்டா சில பேர் பேசுவாங்களாம். எல்லாரும் இல்ல."

"நீ பேசுவியா மாட்டியான்னு இப்பவே என்னால சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

வக்கீல் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "அஞ்சு நிமிஷத்துல ரெண்டு விதமா இருந்துச்சுன்னா, அஞ்சு நாள்ல எத்தனை விதமா இருக்கும்," என்றாள். அது அவள் தனக்குள் கேட்டுக்கொண்டது.

"டாக்டர், அந்த உறையக் குடுங்க. ஒரு வரி மாத்தணும்."

டாக்டர் கொடுத்தார். பேனாவையும் அவள் விரல் இடுக்கில் பொருத்திவிட்டார். அவள் தாளை மடியோடு மறைத்துக்கொண்டு, ஒரு இடத்தில் அடித்தாள். அடித்ததற்கு மேலே எழுதினாள். மூன்று நான்கு சொல்தான் இருக்கும். கை தளர்ந்து நடுவில் ஒரு முறை ஓய்ந்தது. மனைவி எழுந்து உதவப் போனவள், பாதியில் நின்று திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

எழுதி முடித்ததும் டாக்டர் உறையை அவள் கண்ணெதிரிலேயே ஒட்டினார். ஒட்டின இடத்தின் மேல் அவள் தன் கையெழுத்தைப் போட்டாள்.

மனைவிதான் முதலில் பேனாவை எடுத்தாள். டாக்டர் கையால் எழுதிய வரியை விரல் வைத்துப் படித்தாள், கையெழுத்துப் போட்டாள், பேனாவை அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். தான் சொன்னதைக் கேட்டு மகள் எதை அடித்தாள், எதை எழுதினாள்? பயத்தைக் கேட்டு மாற்றினாளா, சுகத்தைக் கேட்டு மாற்றினாளா? மகள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு தடயமும் இல்லை.

கையெழுத்துப் போட்டான்.

*

வார்டுக்குத் திரும்பும் வழியில் மனைவி அவன் பக்கத்தில் நடந்தாள். நாற்காலியை அவன் தள்ள, அவள் ஒரு கையைக் கைப்பிடியில் அவன் கைக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"சொகமா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்," என்றாள் மெதுவாக.

"சொல்லத்தான் நெனச்சேன்."

"எனக்குத் தெரியும்."

"ரெண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால பேசுறது எனக்குக் கேக்குது," என்றாள் வக்கீல்.

ஆறு மணிக்கு நர்ஸ் வந்தாள். மறுநாளைக்கான வேலைகள் வரிசையாக ஆரம்பித்தன. கையில் பெயர்ப்பட்டை. முதுகில் கிருமிநாசினி சோப்பு. நகத்திலிருந்த சாயத்தைத் துடைக்கும் பஞ்சு. எதற்கு நகச்சாயம் கூடாது என்று வக்கீல் கேட்டாள். விரல் நுனியில் மாட்டும் கருவிக்கு நகம் வெறுமையாகத் தெரிய வேண்டும் என்று நர்ஸ் சொன்னாள். நல்ல பதில் என்று வக்கீல் அங்கீகரித்தாள். மெக்கானிக் கட்டில் காலடியில் நின்று, நாளைக்கு இந்நேரம் என்ற எண்ணத்தைக் கிட்டே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியாக நர்ஸ் வெப்பமானியை வைத்தாள். அது கூவியதும் எடுத்துப் பார்த்தாள். துடைத்துவிட்டு இன்னொரு முறை வைத்தாள்.

"காலையில சரியா இருந்துச்சே," என்றாள். "இப்ப ஒரு டிகிரி கூட இருக்கு."

"ரூம் சூடா இருக்கு சிஸ்டர்," என்றாள் மனைவி. சொன்ன வேகத்தில் அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. காய்ச்சல் என்றால் ஆபரேஷன் தள்ளிப்போகும்.

"இருக்கலாம்மா." நர்ஸ் கட்டில் ஓரமாகக் குனிந்தாள். "வக்கீலம்மா, தொண்டை வலிக்குதா? எச்சில் முழுங்கினா உறுத்துதா?"

காலையிலிருந்து எல்லோரையும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவள் வாயை மூடிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஒரு முறை எச்சில் விழுங்கினாள். அவள் கழுத்து அசைந்ததை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"நான் ஆமான்னு சொன்னா என்ன ஆகும், இல்லைன்னு சொன்னா என்ன ஆகும்?" என்றாள் நர்ஸிடம். "மொதல்ல அது ரெண்டையும் சொல்லுங்க சிஸ்டர். அப்புறம் நான் பதில் சொல்றேன்."